பேட்டரி ஸ்பிரேயர் சார்ஜ் ஏறவில்லை, வழி சொல்லுங்கள்

மன்னார்குடி பக்கம் குறுவை நட்டிருக்கிறோம், இலைச்சுருட்டுப் புழு தெரிகிறது, மருந்தடிக்க வேண்டிய நேரத்தில் ஸ்பிரேயர் சார்ஜ் ஏற மறுக்கிறது. முதுகில் மாட்டும் 16 லிட்டர் டேங்க், 12 வோல்ட் 8 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி, போன வருடம் வாங்கியது. தாளடி அறுவடைக்கு அப்புறம் கொட்டகையில்தான் இருந்தது. சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கே வருவதில்லை, உடனே பச்சை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம், சார்ஜர் முனையில் 14 வோல்ட்டுக்குக் கிட்டே வருகிறது, பேட்டரியைத் தனியாகக் கழற்றிப் பார்த்தால் 7 தான். பியூஸ் நன்றாக இருக்கிறது. சார்ஜிங் பின் ஒயரைப் புதிதாகப் பற்றவைத்தாகிவிட்டது, பக்கத்து வயல் அண்ணனின் சார்ஜரைப் போட்டாலும் அதே பச்சைதான். கடையில் சோதிக்காமலே புது பேட்டரி வாங்கு என்கிறார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. இவ்வளவு இறங்கிப்போன லெட் ஆசிட் பேட்டரியைப் பாதுகாப்பாக மறுபடி சார்ஜ் ஏற்ற வழி இருக்கிறதா?