ஸ்லாட் ஹோல் இருந்தும் நகராத பீம்: அனுபவம் சொல்லுங்க

திருச்சி, ஸ்ட்ரக்சுரல் டிசைனர்:
அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் ஹாட் ஏர் டக்ட்டைத் தாங்கும் பீம்களைப் பார்க்கப் போயிருந்தேன். டக்ட்டுக்குள் ஓரிடத்தில் சூட்டைத் தடுக்கும் ரிஃப்ராக்டரி செங்கல் விழுந்து, கீழே இருந்த பீமின் பெயின்ட் பொரிந்துபோயிருந்தது. "ஸ்டீலோட பலம் போயிருக்குமா சார்?" இதைத்தான் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஸ்டீல் டிசைனுக்கான இந்திய விதி ஐஎஸ் 800 (2007) கணக்கில், 215 டிகிரி வரை யீல்டு (ஸ்டீல் நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அழுத்தம்) குறைவதில்லை. 550 டிகிரிக்குப் போனால்தான் பாதியாகும். அந்த பீம் 200-ஐத் தாண்டவில்லை. ஆனால் முனையில் பீமைத் தாங்கும் பெடஸ்டல் கான்கிரீட் பிளந்து, இடைவெளியை நிரப்பிய க்ரவுட் கலவை மாவாய் உதிர்ந்து கிடந்தது!

10 மீட்டர் பீம் 150 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 18 மி.மீ. நீளும். இரண்டு முனையையும் அசையவிடாமல் பிடித்தால், வெறும் 100 டிகிரிக்கே சுமார் 240 மெகாபாஸ்கல் அழுத்தம் ஏறிவிடும். ஈ250 என்ற சாதாரண ஸ்டீல் கிரேடின் யீல்டே 250தான். இத்தனைக்கும் பீம் மேல் எந்த லோடும் ஏறியிருக்காது.

டிராயிங்கில் ஸ்லாட் ஹோல், அதாவது பீம் நீளும்போது போல்ட் நகர இடம்விடும் நீளமான ஓட்டை, காட்டியிருந்தது. எரெக்‌ஷனில் அந்த போல்ட்டையும் மற்றதைப் போல முழுசாக முறுக்கி, மேலே பெயின்டும் அடித்துவிட்டார்கள். மிச்ச இடைவெளியைத் தூசி அடைத்துவிட்டது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டிய பிறகுதான் ஓட்டை நீளமானது என்றே தெரிந்தது. நகரும் முனைக்கு "கையால் இறுக்கி லாக் நட் போடவும்" என்று டிராயிங்கில் போல்ட் பக்கத்திலேயே எழுதுங்கள். ஜெனரல் நோட்ஸில் எழுதினால் ஃபிட்டர் கண்ணில் படாது.

அனல் மின் நிலையம், ஓய்வு:
தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பெரிய பாய்லரை ஏன் மேலே சீலிங் கர்டர் என்ற பெரிய பீமில் தொங்கவிடுகிறோம்? சூடாகும் உடம்பு கீழ்நோக்கித் தாராளமாக நீளட்டும் என்றுதான். சுமை தாங்கும் கர்டர் சூட்டுக்கு வெளியே நிற்கும். பீமைச் சூட்டிலிருந்து தள்ளி வைக்க வழியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். கார்பன் ஸ்டீல் நாள்கணக்கில் 400 டிகிரியில் நின்றால் க்ரீப் (சுமையில் மெல்ல மெல்ல நெளிவது) வேறு சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, பீம் சறுக்கி நகர அடியில் வைக்கும் டெஃப்லான் பேடை எல்லா இடத்திலும் போடாதீர்கள். சூடு அதிகமான இடத்துக்கு கிராஃபைட் பேடுதான்.

ஃபயர் சேஃப்டி, சென்னை:
அண்ணே, தீ விபத்திலும் இதே கதைதான். 2001-இல் நியூயார்க்கில் விழுந்த ஏழாம் எண் உலக வர்த்தக மையக் கட்டடத்தை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனம் என்ஐஎஸ்டி, மாடித் தளங்களைத் தாங்கும் பீம்கள் நீண்டு ஒரு முக்கிய கர்டரை அது உட்கார்ந்திருந்த சீட்டிலிருந்து தள்ளிவிட்டதுதான் தொடக்கம் என்றது. அந்தச் சேதம் பெரும்பாலும் நடந்தது சுமார் 400 டிகிரிக்குக் கீழே. பலக் குறைவை மட்டும் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியாது.

ஆறும்போது நடப்பதையும் பாருங்கள். இங்கிலாந்தின் கார்டிங்டன் சோதனைகளில் பாதுகாப்புப் பூச்சு இல்லாத பீம்கள் கடும் சூட்டில் தொய்ந்தும் விழவில்லை. குளிர்ந்து சுருங்கிய நேரத்தில் பீம் முனையை இணைக்கும் சில எண்ட் பிளேட்டுகள் கிழிந்தன. அதனால் கனெக்‌ஷனை நான் தள்ளுவிசைக்கும் இழுவிசைக்கும் சேர்த்தே சரிபார்க்கிறேன்.