சுவரில் அதிகம் தென்படாத ஆஸ்திரேலிய ஓவியர்கள்: உங்களுக்கு எப்படி அறிமுகமானார்கள்?

ஆஸ்திரேலிய ஓவியம் என்று பேச்செடுத்தால் பழைய கொள்ளைக்காரன் நெட் கெல்லிக்குக் கறுப்புச் சதுரத் தலை வரைந்த சிட்னி நோலனிலேயே முடிந்துவிடுகிறது. நோலன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் முன்பின் கேள்விப்படாத ஒருவருடைய படத்தின் முன்னால் கால் நின்றுபோய், பக்கத்து அட்டையில் பெயரைத் தேடிய அனுபவம் பலருக்கும் இருக்கும். அதை எழுதுங்கள்.

எனக்கு அது கிளாரிஸ் பெக்கெட். அடிலெய்டில் தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடம் 2021-ல் வைத்த கண்காட்சிக்கு, வேறு வேலையாகப் போன இடத்தில் சும்மா நுழைந்தேன். மெல்பேர்ன் ஓரத்து பியூமாரிஸ் கடற்கரை, மழையில் நனைந்த தார்ச்சாலை, தந்திக் கம்பம், மூட்டத்துக்குள் வரும் ஒரு கார். கிட்டப் போய்ப் பார்த்தால் சாம்பல் திட்டுகள்தான். பத்தடி பின்னால் வந்தால் சாலையின் ஈரம் தெரிகிறது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் தலையில். அதனால் விடியலிலும் அந்தியிலும்தான் வரைய வெளியே போக முடிந்தது. படங்களில் பாதி வெளிச்சம் ஏன் என்பது அப்போதுதான் புரிந்தது. அக்கால விமர்சகர்கள் பலர் மங்கல் என்று ஒதுக்கினார்கள். 1935-ல் நிமோனியாவில் இறந்தபோது வயது 48.

அப்புறம் நடந்ததுதான் வயிற்றைக் கலக்குகிறது. 1960-களின் கடைசியில் ரோசலிண்ட் ஹோலின்ரேக் என்பவர் தேடிப் போனபோது, விக்டோரியாவின் கிராமப்புறத்தில் பக்கச் சுவரில்லாத ஒரு வைக்கோல் கொட்டகையில் படங்கள் குவிந்து கிடந்தன. ஏறத்தாழ 2,000. மழையும், போசம் என்ற மரவிலங்குகளும் தின்றது போக, மீட்க முடிந்தது 400-க்கும் குறைவு.

பதில் (மெல்பேர்ன்)

பெக்கெட் படங்களை நானும் பார்த்திருக்கிறேன், அருமை. ஆனால் என் ஓட்டு எதெல் ஸ்பவர்ஸுக்கு. ‘காற்று வீச்சு’ என்ற லினோகட் அச்சுப்படம், 1930-31. செய்தித்தாள்கள் கையை விட்டுப் பறக்கின்றன, தாள்கள் வெள்ளை முக்கோணங்களாகப் படம் முழுக்கச் சிதறுகின்றன. பார்த்ததும் சிரித்துவிட்டேன். பிறகு படித்தால், அவருடைய அப்பா ‘ஆர்கஸ்’ நாளிதழின் பங்குதாரர்! தோழி எவ்லின் சைம், போட்டிப் பத்திரிகையான ‘தி ஏஜ்’ குடும்பத்துப் பெண். இருவரும் லண்டன் போய் கிளாட் ஃபிளைட் என்பவரிடம் லினோகட் கற்றார்கள். தரைக்கு ஒட்டும் லினோலியம்தான் பொருள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துண்டு செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். சாதாரண மக்கள் வாங்கும் விலையில் இவை இருக்க வேண்டும் என்பது ஃபிளைட்டின் வாதம். இன்று ஏலத்தில் போகும் விலையைக் கேட்டால் மனிதர் மயங்கி விழுவார்.

ஸ்பவர்ஸ் தன் ஓவியங்களில் பலவற்றைத் தானே தீயில் போட்டு எரித்துவிட்டார். பல பிரதிகள் எடுத்திருந்ததால் லினோகட்டுகள் தப்பின.

பதில் (சிட்னி)

லினோலியம் என்றதும் ஒன்று. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளில் விராஜுரி இனத்தவரான கெவின் கில்பர்ட்டைக் கவிஞராகத்தான் தெரியும். அவர் அச்சோவியரும்கூட என்பதை ஒரு கலைக்கூடத்தில்தான் கண்டேன். மனைவியைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, 1971 வரை சிறையில் இருந்தவர். அங்கே தரையில் கிடந்த பழைய லினோலியத்தைப் பெயர்த்து, கரண்டி, முள்கரண்டி, ஆணி இவற்றையே உளியாக்கிச் செதுக்கினார். கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுத்தார். ‘உடைமை பறிக்கப்பட்டவர்களின் நாட்டில் கிறிஸ்துமஸ் முந்தைய இரவு’ என்று ஒரு படத்துக்குப் பெயர். கோடுகளில் நளினம் தேடாதீர்கள், பழைய லினோலியம் விட்ட இடத்தில்தான் கோடு போயிருக்கிறது. செய்த குற்றத்தையும் இந்தப் படங்களையும் மனதில் ஒன்றாக வைத்துக்கொண்டு நிற்பது சுலபமாக இல்லை. எனக்கு இன்றும் முடியவில்லை.

பதில் (சிங்கப்பூர்)

மரே கிரிஃபின். பறவைகளை வண்ண லினோகட்டில் செய்தவர். இறகுக்கு இறகு நிறம் மாறும். அழகான சுவர்ப்படங்கள் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். பிற்பாடு கான்பெர்ரா போர் நினைவகத்தில் அதே பெயர்! போர் ஓவியராக வந்தவர், 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததும் கைதாகி, போர் முடியும்வரை இங்கே சாங்கி கைதி முகாமில் இருந்திருக்கிறார். கிடைத்த தாளில், கிடைத்த சாயத்தில் முகாம் வாழ்க்கையை வரைந்திருக்கிறார். கைதிகளை வைத்து ஜப்பானியர் போட்ட தாய்லாந்து–பர்மா ரயில் பாதைக்கு அவர் போகவில்லை. திரும்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டு வரைந்தார். அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஒவ்வொரு படத்திலும் அவர்களைத்தான் என் கண் தேடியது.

பதில் (மெல்பேர்ன், இன்னொருவர்)

தம்பிமார், தங்கச்சிமார், சுவரை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். காகிதத்துக்கு வெளிச்சம் எதிரி. அச்சோவியங்களைச் சில மாதம் மங்கிய விளக்கில் தொங்கவிட்டு, பிறகு வருடக்கணக்கில் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். இவர்களை நமக்குத் தெரியாமல் போனதற்கு அது ஒரு பெரிய காரணம் என்பேன். பெரிய கலைக்கூடங்கள் சிலவற்றில் முன்கூட்டியே எழுதிக் கேட்டால், வாசிப்பறை போன்ற ஓர் அறையில் உட்காரவைத்துக் காட்டுவார்கள். பேனாவை வெளியிலேயே வாங்கிக்கொண்டார்கள், பென்சில் மட்டும்தான்.

நான் அப்படிக் கேட்டுப் பார்த்தது ஜெஸ்ஸி டிரெயில். சிட்னி துறைமுகப் பாலம் எழும்பிய வருடங்களில் அங்கே போய்ப் போய் வரைந்து, உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டவர். பாலம் 1932-ல் திறந்தது. இவர் படங்களில் அது இன்னும் முழுமையாகவில்லை. இரும்புச் சட்டங்களுக்கிடையே மனிதர்கள் எறும்பாக ஊர்கிறார்கள். கண்ணாடிச் சட்டம் இல்லாமல் பார்த்தால், தகடு அழுந்திய விளிம்பு காகிதத்தில் பள்ளமாகத் தெரியும். அதைப் புகைப்படத்தில் பார்க்க முடியாது.

பதில் (சிட்னி)

அக்கா, அந்தப் பாலத்தை 1930-ல் டோரிட் பிளாக்கும் எண்ணெய் ஓவியமாக வரைந்திருக்கிறார், இரண்டு கைகளும் சேராத நிலையில். அவரும் ஃபிளைட்டின் மாணவிதான். படம் அடிலெய்டில் இருக்கிறது. வாசிப்பறைக்கு எழுதும்போது எந்தெந்தப் படம் என்று நாமே பட்டியல் கொடுக்க வேண்டுமா, ஓவியர் பெயர் மட்டும் போதுமா?