பொது மீட்டர் இன்னும் பில்டர் பெயரில், சோலார் மானியம் நிற்கிறது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 18 வீடுகள் உள்ள அடுக்குமாடி எங்களுடையது. மோட்டார், லிஃப்ட், மாடிப்படி விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து மொட்டை மாடியில் 10 கிலோவாட் சோலார் போட முடிவு செய்தோம். தானே புயலைப் பார்த்த பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பதே தனிக் கதை, அதை விடுங்கள். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கத்தின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

சிக்கல் என்னவென்றால், பொது மின் இணைப்பு இன்னும் பில்டர் பெயரில்தான் இருக்கிறது. மீட்டர் பெட்டியில் அவர் பெயர் பெயின்ட்டில் பாதி அழிந்து கிடக்கிறது, ஆனால் பில்லில் மட்டும் பளிச்சென்று வருகிறது. ஆடி மாதத்திலிருந்து மின்வாரிய அலுவலகத்துக்கு அலைகிறோம். சங்கப் பதிவுச் சான்று, பொதுக்குழுத் தீர்மானம், எல்லோருடைய பத்திர நகல், சொத்து வரி ரசீது எல்லாம் கொடுத்தாயிற்று. பில்டரின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்கிறார்கள். அவரோ ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை, பதிவுத் தபாலும் திரும்பி வந்துவிட்டது. சோலார் போடும் கம்பெனிக்காரரும் முதலில் பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

பில்டர் கையெழுத்து இல்லாமல் பொது இணைப்பைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றியவர்கள் கடலூர்ப் பக்கம் யாராவது இருந்தால், எந்த ஆவணத்தைக் கொடுத்து மாற்றினீர்கள்?