அதே 56 கண்ணிதான், ஆனால் குழந்தை ஸ்வெட்டர் 6 செ.மீ. அகலமாகிவிட்டது. எங்கே தப்பு?

தறிகெட்டநூல்:
அண்ணன் பையனுக்கு இப்போது நாலு மாதம். குன்னூரில் இருக்கிறார்கள். கனமான ஸ்வெட்டர் ஏற்கெனவே மூன்று வந்துவிட்டதாம். வீட்டுக்குள் போட மெல்லியதாக ஒன்று பின்னிக் கொடு என்றார் அண்ணி. ஆறு மாத அளவுக்கு ஓர் அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து ஆரம்பித்தேன். நூல் அக்ரிலிக், டி.கே. தடிமன் (ரொம்பத் தடித்ததும் இல்லை, ரொம்ப மெல்லிசும் இல்லை). குறிப்பில் 6ஆம் நம்பர் ஊசி என்று இருந்தது, கடையில் 6ஆம் நம்பரே கேட்டு வாங்கினேன்.

முதுகுப் பக்கத்துக்கு 56 கண்ணி. அகலம் 25 செ.மீ. சொச்சம் வர வேண்டும். அக்குள் வரை பின்னிவிட்டு அளந்தால் 31! கண்ணிகளை மூன்று தடவை எண்ணிவிட்டேன், 56தான். துணியும் கொசுவலை மாதிரி இருக்கிறது, அடியில் கையை வைத்தால் மோதிரம் தெரிகிறது. என் கை அவ்வளவு தளர்வா? பிரிக்காமல் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள், கோடி புண்ணியம்.

மல்லிகைப்பந்து:
எனக்கும் தளர்ந்த கைதான். நூலைச் சுண்டுவிரலில் இன்னொரு சுற்று சுற்றிப் பிடித்துப் பின்னுங்கள். முடித்ததும் சுடுதண்ணீரில் அலசினால் சுருங்கிவிடும்.

பழைய ஊசி:
சுடுதண்ணீர் வேண்டாம்மா. சுருங்குவது கம்பளி. அக்ரிலிக் சூடு பட்டால் தொய்ந்துபோகும், பிறகு பழைய நிலைக்கு வராது.

ஆறு செ.மீ. வித்தியாசம் கைத்தளர்வால் மட்டும் வந்திருக்காது. முதலில் கண்ணி அளவு பார்க்க ஒரு சின்ன சாம்பிள் சதுரம் பின்னிப் பார்த்தீர்களா? நூல் லேபிளில் ஒரு சின்னக் கட்டமும் ஊசிப் படமும் இருக்கும், அவற்றில் என்ன எண்கள் என்று பாருங்கள். அப்புறம், பின்னிய துண்டை இழுக்காமல் மேசையில் விரித்து, ஓரத்தை விட்டு நடுவில் ஸ்கேல் வைத்து, 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணிச் சொல்லுங்கள்.

தறிகெட்டநூல்:
சதுரம் பின்னவில்லை அக்கா, அவசரம். (திட்டாதீர்கள்.) லேபிளில் கட்டத்துக்குக் கீழே 22, பக்கத்தில் 28, ஊசிப் படத்தில் 4 மி.மீ. என் துணியில் 10 செ.மீ.க்கு 18 கண்ணிதான் இருக்கிறது. ஊசியில் மி.மீ. எதுவும் போடவில்லை, தலைக் குமிழில் 6 என்று மட்டும் பொறித்திருக்கிறது.

வைண்டிங்காரர்:
எனக்குப் பின்னத் தெரியாது, மனைவி படித்துக் காட்டியதால் எழுதுகிறேன். கோவையில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் காப்பர் கம்பியில் 20 கேஜை விட 22 கேஜ் மெல்லிசு, எண் ஏற ஏறக் கம்பி மெலியும். மனைவியின் ஊசிகளை வெர்னியரில் (தடிமன் அளக்கும் கருவி) பிடித்துப் பார்த்தேன்: 6ஆம் நம்பர் 5 மி.மீ., 8ஆம் நம்பர் 4, 10ஆம் நம்பர் 3.25. எங்கள் கேஜ் அட்டவணையோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகிறது!

வெர்னியர் இல்லாவிட்டால், தையல் நூலை ஊசியில் நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றி, அவிழ்த்து அளந்து பாருங்கள். 13 செ.மீ. கிட்ட வந்தால் 4 மி.மீ. ஊசி, 16 கிட்ட வந்தால் 5.

பழைய ஊசி:
தம்பி பிடித்துவிட்டார். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்க நம்பர் அதற்கு நேர்மாறு, ஏற ஏற ஊசி தடிக்கும். அவர்களுடைய 6 என்பது 4 மி.மீ., நம்முடைய 8. இரண்டும் ஒத்துப்போவது 7இல் மட்டும்தான், அங்கேயும் இங்கேயும் 4.5 மி.மீ. நாற்பது வருடமாகப் பின்னுகிறேன், இது கம்பிக் கேஜ் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

கணக்கும் சரியாக இருக்கிறது. லேபிளில் உள்ளபடி 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்றால் 56 கண்ணிக்கு 25.5 செ.மீ., உங்கள் துணியில் உள்ளபடி 18 என்றால் 31. உங்கள் கை தளர்வே இல்லை, தடித்த ஊசிக்கு வரவேண்டியது வந்திருக்கிறது.

தறிகெட்டநூல்:
சுற்றிப் பார்த்தேன், 16.2! சரி, இதே ஊசியில் 46 கண்ணி ஏற்றினால் 25.5 வந்துவிடும் இல்லையா?

பழைய ஊசி:
அகலம் வரும், துணி வராது. இந்தக் கொசுவலையில் குழந்தை விரல் மாட்டிக்கொள்ளும். பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும், அப்படியே பின்னினால் கண்ணி ஏறுக்குமாறாகத் தெரியும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, கழற்றிப் பச்சைத்தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிழியாமல் துண்டில் ஒற்றி நிழலில் தொங்கவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

கழுத்தையும் இப்போதே யோசித்து வையுங்கள். ஆறு மாதத்தில் தலைச் சுற்றளவு 43 செ.மீ. போல இருக்கும், மார்பும் ஏறத்தாழ அதே அளவு. தலை வழியாகப் போடுவது என்றால் கழுத்தில் கண்ணியை மூடும்போது ஒரு சுற்றுத் தடித்த ஊசியை எடுங்கள், தாராளமாக விரியும். அல்லது ஒரு தோளைத் திறப்பாக விட்டு இரண்டு பட்டன் வைக்கலாம், இழுத்தால் வராதபடி இறுக்கித் தைக்க வேண்டும். கழுத்தில் ரிப்பன், நாடா எதுவும் வேண்டவே வேண்டாம்.

மல்லிகைப்பந்து:
சுடுதண்ணீர் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 🙈 என்னிடம் இருக்கும் ஊசிகளையும் இப்போது நூல் சுற்றி அளந்துகொண்டிருக்கிறேன்.

தறிகெட்டநூல்:
ஒன்பது நாள் கழித்து வருகிறேன். 8ஆம் நம்பர் வாங்கி, இந்த முறை சதுரம் பின்னி, அலசிக் காயவைத்து எண்ணினேன். 22 இருந்தது. முதுகுப் பக்கம் முடிந்தது, 25.5 செ.மீ., மோதிரம் தெரியவில்லை. முன்பக்கம் பாதியில் இருக்கிறது. தோளில் பட்டன்தான் வைக்கப்போகிறேன்.

படம் அனுப்பியதும் அண்ணி தொப்பியும் கேட்டுவிட்டார். அந்தக் குறிப்பில் அமெரிக்க 3ஆம் நம்பர் ஊசி, அதாவது 3.25 மி.மீ., என்று இருக்கிறது. கடையில் போய் 10 கேட்டு வாங்கி வந்தேன். வைண்டிங்கார அண்ணா, சரிதானே?

வைண்டிங்காரர்:
3.25 மி.மீ. சரிதான். மனைவி இப்போது என் வெர்னியரைத் திருப்பித் தர மறுக்கிறார்.