பேனலில் 11 செல்லும் பாசிட்டிவ், ஆட்டோ கண்ட்ரோல் நெகட்டிவ். என்ன ஆன்டிபாடி இது?

வணக்கம். இரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். நேற்று நைட் ட்யூட்டியில் வந்த கேஸ், இன்னும் முடியவில்லை.

62 வயது அம்மா, ஓ பாசிட்டிவ். ஹீமோகுளோபின் 6.4. இரண்டு பேக்டு செல் கேட்டிருக்கிறார்கள். நாலு மாசத்துக்கு முன்னால் இங்கேயே இரண்டு யூனிட் ஏற்றியிருக்கிறோம், அப்போது ஸ்கிரீனிங் (பிளாஸ்மாவில் சிவப்பணு ஆன்டிபாடி உண்டா என்ற சோதனை) நெகட்டிவ். இப்போது மூன்று செல்லும் பாசிட்டிவ், எந்த ஆன்டிபாடி என்று பார்க்க, ஆன்டிஜென் தெரிந்த 11 செல் உள்ள பேனல் போட்டால் 11-ம் பாசிட்டிவ். கூம்ப்ஸ் (செல்லில் ஒட்டிய ஆன்டிபாடியைக் காட்டும் சீரம்) ஜெல் கார்டில் 1+, சிலதில் 2+ (4+ தான் அதிகபட்சம்). சலைனில் ஒன்றும் இல்லை. அவர் பிளாஸ்மாவை அவர் செல்லோடே போட்ட ஆட்டோ கண்ட்ரோல், அவர் செல்லில் ஏற்கெனவே ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் டிஏடி, இரண்டும் நெகட்டிவ். பாம்பே குரூப்போ (எச் ஆன்டிஜெனே இல்லாத அபூர்வ வகை) என்று ஆன்டி-எச் போட்டேன், 4+ வந்தது. அது இல்லை. ஆறு ஓ யூனிட்டை அவர் பிளாஸ்மாவோடு கிராஸ்மேட்ச் செய்து ஆறும் சேரவில்லை.

எல்லார் ரத்தத்திலும் இருக்கும் ஆன்டிஜெனுக்கு எதிரானதோ? அபூர்வ டோனர் தேட ஆரம்பிக்கட்டுமா? அவர் மகன் மணிக்கொரு தரம் ஜன்னலில் வந்து நிற்கிறார்.

பதில் 1:
தம்பி, பேனலை ஓரமாக வையுங்கள். என்ன நோய், என்ன மருந்து? வார்டுக்கு போன் போடுங்கள்.

கேட்டவர்:
ஃபாரத்தில் 'அனீமியா' மட்டும்தான் மேடம். இப்போது கேட்டேன். மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்), ஐந்து வாரமாக டாராடுமுமாப் போகிறதாம்.

பதில் 1:
நினைத்தேன். அந்த மருந்தே ஒரு ஐஜிஜி ஆன்டிபாடி. மைலோமா செல்லில் உள்ள சிடி38 என்ற புரதத்தைப் பிடிக்கத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் சிவப்பணுவிலும் சிடி38 கொஞ்சம் உண்டு. பிளாஸ்மாவில் மிதக்கும் மருந்து உங்கள் பேனல் செல்லில் ஒட்டும், கூம்ப்ஸ் சீரம் அதைக் கோர்க்கும். அந்த அம்மாவின் சொந்தச் செல்லோ மருந்து ஏற ஏற சிடி38-ஐ இழந்துவிடும். அதனால்தான் ஆட்டோ கண்ட்ரோல் சுத்தமாக இருக்கிறது.

ஆனால் 'மருந்துதான்' என்று அத்தோடு விடாதீர்கள். நாலு மாசத்துக்கு முன் ரத்தம் ஏறியவர். அடியில் நிஜமான ஆன்டிபாடி ஒளிந்திருக்கலாம். பேனல் செல்லை 0.2 மோலார் டிடிடியில் (டைதயோத்ரைட்டால் என்ற வேதிப்பொருள்) 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்துக் கழுவிப் போடுங்கள். சிடி38 சிதைந்துவிடும். பிக் கே (கெல் வகை ஆன்டிஜென்) உள்ள செல் ஒன்றையும் பிக் ஈ (ஆர்ஹெச் வகை ஆன்டிஜென்) உள்ள செல் ஒன்றையும் கூடவே வையுங்கள். ஆன்டி-கேயில் நெகட்டிவ் ஆகி, ஆன்டி-ஈயில் பாசிட்டிவாகவே நின்றால் டிடிடி சரியாக வேலை செய்திருக்கிறது. கெல் ஆன்டிஜென்களையும் டிடிடி அழிப்பதால் ஆன்டி-கே இல்லை என்று சொல்ல முடியாது. கே நெகட்டிவ் யூனிட் மட்டும் கொடுங்கள்.

கேட்டவர்:
எங்களிடம் டிடிடி இல்லையே மேடம்.

பதில் 2:
பிரசவ வார்டு இருக்கிறதா? தொப்புள்கொடி ரத்தத்தின் சிவப்பணுவில் சிடி38 மிகமிகக் குறைவு, மருந்து அதில் ஒட்டாது. ஆர்ஹெச், கிட், கெல் ஆன்டிஜென் எல்லாம் அதில் உண்டு. ஓ குரூப் கொடி ரத்தம் நாலைந்து சேர்த்து, டைப் பார்த்து, நன்றாகக் கழுவிப் போடலாம். ஆனால் முன்கூட்டி சரிபார்த்து வைத்திருக்க வேண்டும், இன்று ராத்திரிக்கு ஆகாது. சாம்பிளைப் பெரிய சென்டருக்கு அனுப்புங்கள். ரத்தம் கொட்டுகிற அவசரம் என்றால் ஓ பாசிட்டிவ் கே நெகட்டிவ் யூனிட்டை டாக்டர் கையெழுத்தோடு கிராஸ்மேட்ச் இல்லாமலே கொடுப்பதுண்டு.

கேட்டவர்:
ரத்தப்போக்கு இல்லை, அதனால் சாம்பிளை அனுப்பினோம். டிடிடிக்குப் பிறகு எட்டு செல் நெகட்டிவ், மூன்று மட்டும் 2+. அந்த மூன்றும் பிக் ஈ உள்ளவை! அம்மாவுக்கு பிக் ஈ இல்லை. போன முறை ஏறிய ரத்தத்தில் உருவானதாக இருக்கும். மேடம் சொல்லாவிட்டால் 'மருந்துதான்' என்று ஏதோ ஒரு யூனிட்டைக் கொடுத்திருப்பேன். நினைத்தாலே கை நடுங்குகிறது.

ஈ, கே இரண்டும் இல்லாத யூனிட் இரண்டு கிடைத்தது. டோனர் செல்லுக்கும் டிடிடி போட்டு அங்கேயே கிராஸ்மேட்ச் செய்தார்கள், சேர்ந்தது. மாலை 4 மணிக்கு முதல் யூனிட் ஏறியது.

பதில் 1:
நல்லது தம்பி. மருந்தை நிறுத்தினாலும் 6 மாதம் வரை இதே தொல்லை வரலாம், அவர் ஃபைலில் எழுதி ஒட்டுங்கள். மற்ற நோயாளிகளுக்கு ஊசி தொடங்கும் முன்பே ஸ்கிரீனிங்கும் முழு ஃபீனோடைப்பும் (சிவப்பணுவில் எந்தெந்த ஆன்டிஜென் உண்டு என்ற பட்டியல்) எடுத்து வைத்துவிடுங்கள்.

கேட்டவர்:
ஒட்டிவிட்டேன் மேடம். அடுத்த வாரம் அதே வார்டில் இருவருக்கு இந்த ஊசி ஆரம்பிக்கிறார்கள். நாளைக் காலையே சாம்பிள் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.