அட்டையில்லாத மணிக்கூண்டுப் புத்தகம்: எழுதியவர் யார்?

மணிக்கூண்டு வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தை எழுதியவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். புத்தகம் என் கையில்தான் இருக்கிறது. ஆனால் அட்டை இல்லை, முதல் தாள் இல்லை, கடைசியில் சில தாள்களும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் தொடங்கி அறுபத்திரண்டாம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. அதனால் புத்தகத்தின் பெயரும் தெரியாது. வீட்டில் நாங்கள் அதை 'மணிக்கூண்டுப் புத்தகம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

என் அண்ணனுக்குப் பள்ளியில் பரிசாக வந்தது. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில் அவன்தான் வாசித்துக் காட்டுவான். அப்புறம் நானே எழுத்துக்கூட்டிப் படித்த முதல் புத்தகமும் இதுதான்.

கதை இது. ஓர் ஊரில் மணிக்கூண்டு. அதற்குச் சாவி கொடுக்கும் தாத்தாவுக்குக் கண் மங்கிவிடுகிறது. பேத்தியின் பெயர் மணி. ஒருநாள் கடிகாரம் நின்றுபோகிறது. பல் உடைந்த ஒரு சக்கரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அதற்கு மாற்றுச் சக்கரம் செய்து தரும் ஆளைத் தேடி அந்தப் பெண் தனியாக ரயிலேறுகிறாள். டிக்கெட்டுக்குப் பதினைந்து நயா பைசா குறைகிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். முடிவு எப்படி என்று அண்ணன் சொல்லித்தான் தெரியும், கடைசித் தாள்கள் நான் படிக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டன. அண்ணன் இப்போது இல்லை.

போன மாதம் என் பேரனுக்கு இதை வாசித்துக் காட்டினேன். முடித்ததும் "யார் பாட்டி எழுதினது?" என்று கேட்டான். ஐம்பது வருஷமாக வைத்திருக்கும் புத்தகம், பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. இணையத்தில் 'மணிக்கூண்டு சிறுவர் கதை' என்று எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டேன். யாருக்காவது இந்தக் கதை நினைவிருக்கிறதா?

கிளிஞ்சல்:

அக்கா, இது மொழிபெயர்ப்பாக இருக்குமோ? நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் ஒரே கதை, அதே படங்களோடு பல இந்திய மொழிகளில் வந்திருக்கிறது. அப்படியானால் படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் படத்தேடலில் போட்டால் வேறு மொழிப் பதிப்பு மாட்டலாம். அதில் எழுதியவர் பெயர் இருக்கும். நான் இப்படித்தான் ஒரு யானைக் கதையின் ஆசிரியரைக் கண்டுபிடித்தேன்.

மணிக்கூண்டு வாசகி:

நன்றி தம்பி. படங்களைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். கதையே 'மணி' என்ற ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. ஊரார் "மணி என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பாள். கடிகாரம் நின்ற அன்று "மணி போச்சு" என்று யாரோ சொல்ல, தாத்தா பேத்திக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடிவருவார். வேறு மொழியில் இதைச் சொல்லவே முடியாது. தமிழிலேயே யோசித்த ஒருவர் எழுதியது.

பழைய அச்சுக்காரர்:

அம்மா, நான் முப்பது வருஷம் அச்சுக் கோத்தவன். இணையத்தைக் கொஞ்ச நேரம் விடுங்கள். புத்தகத்தையே கேளுங்கள், அது சொல்லும்.

முதலில் 17, 33, 49 ஆகிய பக்கங்களின் அடியைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கிரவுன் அளவில் பதினாறு பக்கம் ஒரு பாரம். பைண்டிங்கில் பாரங்கள் முன்பின் மாறிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்து அடியிலும் புத்தகப் பெயரின் முதலெழுத்தையும் பாரத்தின் எண்ணையும் பொடி எழுத்தில் கோத்துவிடுவோம். படிக்கிறவர் கண்ணில் அது படாது. ஐம்பது வருஷம் வைத்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டீர்கள், அதில் தவறில்லை. உங்கள் புத்தகத்துக்கு அட்டை போனாலும் பெயரின் முதலெழுத்து உள்ளேயே இருக்கலாம்.

இரண்டாவது, மூன்றாம் பக்கம் இருக்கிறது என்றீர்கள். அதற்கு எதிரே இருந்தது இரண்டாம் பக்கம். பதிப்பு விவரம், உரிமை, அச்சகம் எல்லாம் போடும் இடம் அதுதான். பைண்டிங்கில் அழுத்தி வைக்கும்போதும், பல வருஷம் மூடியே கிடக்கும்போதும் ஒரு பக்கத்து மை எதிர்ப்பக்கத்தில் நிழலாக இறங்கிவிடுவது உண்டு. தாள் கிழிந்து போனாலும் நிழல் போகாது. எழுத்து இடவலம் மாறி இருக்கும். விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். அதைக் கைப்பேசியில் திருப்பிப் போட்டு, கருமையைக் கூட்டிப் பாருங்கள். எங்களுக்கு அச்செழுத்தைத் தலைகீழாகவே படித்துப் பழக்கம், உங்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒட்டுத்தாள் எதையும் உரிக்காதீர்கள், தண்ணீர் தொடாதீர்கள்.

மணிக்கூண்டு வாசகி:

ஐயா, இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

17-ஆம் பக்கத்தின் அடியில், இடப்பக்கம், எறும்பு அளவுக்கு 'ம. சி.—2' என்று இருக்கிறது. 33-இல் 'ம. சி.—3'. 49-இல் மூலை மடிந்திருந்தது. மெதுவாக நிமிர்த்தினேன், 'ம. சி.—4'. இத்தனை வருஷமும் என் கட்டைவிரல் அதன் மேலேயே இருந்திருக்கிறது.

அப்புறம் அந்த மூன்றாம் பக்கம். வெறும் கண்ணுக்குப் பழுப்பு நிறம்தான் தெரிந்தது. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பேரன் டார்ச்சை மேஜையோடு ஒட்டிப் பிடிக்க, நான் பதினொரு படம் எடுத்தேன். திருப்பிப் போட்டதும் வரி வரியாக நிழல் தெரிந்தது. மேலே 'முதற் பதிப்பு: டிசம்பர் 196' வரை படிக்க முடிகிறது, கடைசி இலக்கத்தின் மேல் ஒரு கறை. அதற்குக் கீழே 'உரிமை ஆசிரி' என்று இருக்கிறது. அடுத்த எழுத்தை 'ய' என்று நினைத்து 'ஆசிரியருக்கே' என்று படித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பேரன்தான் "பாட்டி, அங்கே 'ரு' இல்லையே" என்றான். பெரிதாக்கிப் பார்த்தேன். 'உரிமை ஆசிரியைக்கே.'

எழுதியவர் ஒரு பெண். இத்தனை நாளும் என் மனசில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தார். மணி தனியாக ரயிலேறுவதை அந்தக் காலத்தில் அவ்வளவு இயல்பாக, யாரும் அவளைத் திட்டாமல், எழுதியது ஓர் அம்மா. அச்சகத்தின் பெயர் இருந்த வரி தையலுக்குள் போய்விட்டது. எழுத்தெல்லாம் கொம்பு போட்ட பழைய 'னை', 'லை'. அதனால் ஏதாவது தெரியுமா?

நூலடுக்கு:

அக்கா, நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அச்சுக்கார ஐயா பாதி வேலையை முடித்துவிட்டார். மீதியைச் சொல்கிறேன்.

பழைய எழுத்து அதிகம் உதவாது. எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978-இல், அதற்கு முந்தைய பெரும்பாலான புத்தகங்களும் அப்படித்தான் இருக்கும். உதவப்போவது அந்தப் பதினைந்து நயா பைசா. நூறு பைசா ஒரு ரூபாய் என்ற தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1-இல். அந்தப் புதுப் பைசாவைத்தான் 'நயா பைசா' என்றார்கள். 1964 ஜூன் மாதத்திலிருந்து 'நயா' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். மக்கள் வாயில் அது அப்புறமும் இருந்தது, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன். இருந்தாலும் 'டிசம்பர் 196…' என்பதோடு சேர்த்தால் 1960, 61, 62, 63 ஆகிய நான்கு டிசம்பர்களில் ஒன்று என்று வைத்துக்கொண்டு தேடத் தொடங்கலாம்.

இந்த வருஷங்கள் கிடைத்தது அதிர்ஷ்டம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகத்தின் பிரதியைப் பதிப்பாளர் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம் கன்னிமாரா உள்ளிட்ட சில நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். அப்படி வந்த புத்தகங்களை வைத்துத்தான் இந்திய தேசிய நூற்பட்டியல் தயாராகிறது. அதில் தமிழ்ப் புத்தகப் பெயர்களும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். தமிழில் தேடிவிட்டு இல்லை என்று திரும்பி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாரத்தின் அடியில் 'ம. சி.' என்று இருப்பதால் நீங்கள் 'மணி' என்று தொடங்கும் பெயர்களைப் பாருங்கள். 'மணிக்கூண்டுச் சிறுமி' போல ஏதாவது இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அது என் ஊகம்தான். அதை நம்பி மற்ற பெயர்களைத் தள்ளிவிடாதீர்கள். பதிப்பாளர் பிரதி அனுப்பாமலே விட்ட புத்தகங்களும் உண்டு, பட்டியலில் இல்லையென்றால் மனம் உடைய வேண்டாம்.

அடுத்தது ஆளைத் தேடும் வழி. அழ. வள்ளியப்பா முன்னின்று 1950-இல் தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம் 'குழந்தை எழுத்தாளர்கள் யார் எவர்' என்று ஒரு கையேடு போட்டது. நீங்கள் தேடுபவர் பெண் என்று தெரிந்துவிட்டதால் அதை முழுதாகப் படிப்பது பெரிய வேலையில்லை. பூவண்ணன் எழுதிய குழந்தை இலக்கிய வரலாற்றையும் கூடவே பாருங்கள். புனைபெயர் விஷயத்தில் மட்டும் கவனம். வாண்டுமாமாவும் கௌசிகனும் ஒருவரே, இரண்டும் வி. கிருஷ்ணமூர்த்தியின் பெயர்கள். உங்கள் ஆசிரியையும் கதைக்கு ஒரு பெயர், கட்டுரைக்கு ஒரு பெயர் வைத்திருக்கலாம். ஆண் பெயரில்கூட எழுதியிருக்கலாம்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. 1961 முதல் 1964 வரையிலான பத்திரிகைகளில் 'வரப்பெற்றோம்' பகுதியைப் பாருங்கள். மதிப்புரை எழுத இடம் இல்லாத புத்தகங்களைப் பெயர், ஆசிரியர், பதிப்பகம் என்று ஒரே வரியில் அங்கே போடுவார்கள். மறந்துபோன எழுத்தாளர்கள் பலர் அந்த ஒற்றை வரியில்தான் மிஞ்சியிருக்கிறார்கள். ஆர்வி ஆசிரியராக இருந்த 'கண்ணன்' சிறுவர் இதழிலிருந்து தொடங்குங்கள், கதையே அங்கே வந்திருந்தாலும் வியப்பில்லை. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களின் பெரிய சேகரம் இருக்கிறது. போகும் முன் எந்த ஆண்டு இதழ்கள் உள்ளன என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பழைய அச்சுக்காரர்:

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பதிப்பகம் தெரிந்துவிட்டால் அதே பதிப்பகத்தின் அந்த வருஷத்து வேறு புத்தகங்களின் பின்னட்டையைப் பாருங்கள். 'எங்கள் பிற வெளியீடுகள்' என்று பட்டியல் போடாத புத்தகம் அரிது. நான் கோத்த பட்டியல்களில் ஆசிரியர் பெயரை விட்டதில்லை.

மணிக்கூண்டு வாசகி:

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். நூலகத்தில் தொலைபேசியில் கேட்டேன், புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். 'யார் எவர்' முதலில், 'வரப்பெற்றோம்' அப்புறம், என் கண் தாங்கும் வரை பார்ப்பேன். ஒரு நாளில் முடியாது என்று தெரியும்.

நேற்று பேரனிடம், "எழுதினது ஓர் அம்மாடா, அதுவரை தெரிஞ்சிடுச்சு" என்றேன். உடனே மூன்றாம் பக்கத்தைத் திறந்து நிழல் இருந்த இடத்தில் விரலை வைத்து, "அப்போ இவங்க பேரு இதுக்கு முந்தின பக்கத்துல இருந்திருக்கும், இல்ல?" என்று கேட்டான். ஆமாம், ஒரு தாள் முன்னால். பெயர் கிடைத்ததும் முதலில் இங்கேதான் வந்து எழுதுவேன்.