ஆட்டத்தை விட்டபின் உதவிப் பயிற்றுவிப்பாளர் பதவி: செய்யவேண்டிய வேலை எது?

அரசடியாள்:
கொழும்பில் ஒரு நிறுவன அணிக்காகச் சில வருடங்கள் கூடைப்பந்து ஆடிவிட்டு, முழங்கால் காயத்தின் பின் மட்டக்களப்புக்குத் திரும்பியுள்ளேன். இங்குள்ள மகளிர் கல்லூரி ஒன்று தனது அணிக்கு உதவிப் பயிற்றுவிப்பாளராக வருமாறு கேட்கிறது. தலைமைப் பயிற்றுவிப்பாளர் நீண்டகாலம் அங்கு பணியாற்றும் ஆசிரியர், நான் மதிப்பவர். ஆடத் தெரிந்தவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். எனக்கோ அந்த நம்பிக்கை இல்லை. ஐயாவின் பொறுப்பில் தலையிடாமலும், வெறுமனே பந்து பொறுக்கிக் கொடுப்பவளாக ஆகிவிடாமலும் நான் செய்யக்கூடிய வேலை எது?

கல்லடிக்காரன்:
அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளர் நீயெல் ஐவி வந்த வழியைப் பாருங்கள், சகோதரி. 2001இல் நோட்டர் டேம் பல்கலைக்கழக மகளிர் அணி அமெரிக்கக் கல்லூரிச் சம்பியனானபோது அதன் போயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர், அவர்தான். இறுதிப் போட்டி நடந்ததும் அவரது சொந்த ஊரான சென்ற் லூயிஸில். உங்களைப் போலவே முழங்கால் காயத்தால் அவதிப்பட்டு மீண்டவர். பின்னர் இண்டியானா பீவர் உள்ளிட்ட டபிள்யூ.என்.பி.ஏ. (அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம்) அணிகளில் 2005 வரை ஆடினார். இத்தனை பெயர் இருந்தும், ஆட்டத்தை விட்டதும் அவர் முதலில் ஏற்றது ஸேவியர் பல்கலைக்கழக அணியின் நிர்வாக வேலையைத்தான். 2007இல் நோட்டர் டேமுக்கு உதவிப் பயிற்றுவிப்பாளராக வந்து, தமக்கே பயிற்சி தந்த மஃபெட் மெக்ரோவின் கீழ் 2019 வரை பணியாற்றினார். 2018இல் அந்த அணி மீண்டும் சம்பியனானது. இடையில் ஒரு பருவம் மெம்பிஸ் கிரிஸ்லீஸ் என்ற ஆண்கள் அணியில் உதவியாளராக இருந்துவிட்டு, 2020இல் மெக்ரோ ஓய்வுபெற்றதும் அவரது இடத்துக்கு வந்தார்.

அந்த நீண்ட காலத்தில் அவர் கார்ட் வீராங்கனைகளைப் பழக்கினார், புதிய மாணவியரைத் தேடிச் சேர்த்தார். அதாவது, தான் நன்கறிந்த பகுதியை முழுமையாகப் பொறுப்பேற்று, மற்றவற்றைத் தலைமைக்கு விட்டார். நீங்களும் ஐயாவிடம் ஒரேயொரு பகுதியைக் கேட்டுப் பெறுங்கள். எதிரணியின் ஆட்டத்தை முன்கூட்டியே பார்த்து, யார் எந்தக் கையால் பந்தைத் தட்டிச் செல்கிறார், எங்கிருந்து எறிகிறார் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுப்பதும் உதவியாளரின் வேலைதான். எங்கள் பாடசாலை அணிகளில் இதற்கென்று ஒருவர் இருப்பதை நான் கண்டதில்லை. ஆடிக்காட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஆடினால் பிள்ளைகள் வாய்பார்த்து நிற்பார்களே தவிரப் பழகமாட்டார்கள்.

புளியந்தீவுப் பழைய மாணவன்:
எங்கள் ஊரின் கூடைப்பந்துக்குப் பெரும் பெயர் தந்தது புனித மிக்கேல் கல்லூரி. அங்கு பிள்ளைகளைப் பழக்கிய அமெரிக்க இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபேர்ட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். அந்தப் பரம்பரை ஆண் பிள்ளைகளுடையது. பெண் பிள்ளைகளைப் பழக்க, பெரிய அணியில் ஆடிய ஒரு பெண் கிடைப்பது இங்கு அரிது என்பதால், தயங்காமல் சேருங்கள்.

கல்முனை இயன்மருத்துவர்:
உங்களுக்குரிய பகுதியை நான் சொல்கிறேன்: தரையிறங்குதல். முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாக ஏற்படுகிறது. பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சாய்வது அதன் காரணங்களில் ஒன்று. உடலைச் சூடாக்கும் நேரத்திலேயே முழங்காலை மடித்து மெதுவாக இறங்கப் பழக்குங்கள். நோவை ஆண் ஆசிரியரிடம் சொல்லத் தயங்கும் பிள்ளை உங்களிடம் சொல்வாள். இன்னொன்று, பந்தைப் பாருங்கள். பெண்களுக்குரியது 28.5 அங்குலச் சுற்றளவுள்ள 6ஆம் இலக்கப் பந்து. ஆண்களின் 7ஆம் இலக்கப் பந்தையே கொடுத்துப் பழக்கினால் எறியும் முறையே கெட்டுவிடும்.

அரசடியாள்:
நன்றி. போட்டி நடக்கும்போது என் இடம் என்ன?

கல்லடிக்காரன்:
சர்வதேசச் சட்டப்படி தலைமைப் பயிற்றுவிப்பாளர், முதல் உதவிப் பயிற்றுவிப்பாளர் இருவரில் ஒருவர் மட்டுமே ஒரே நேரத்தில் எழுந்து நிற்கலாம். ஐயா நின்றால் நீங்கள் அமர்ந்திருக்க வேண்டும். தவறுகளின் (ஃபவுல்) கணக்கை நீங்கள் வைத்திருங்கள். ஐந்தாவது தவறோடு வீராங்கனை வெளியேற வேண்டும். ஒரு கால்பகுதியில் அணி நான்கு தவறுகளைச் செய்துவிட்டால், அதன்பின் பந்தை எறியும் முயற்சியில் இல்லாத எதிரணியினரைத் தடுக்கும் ஒவ்வொரு தவறும்கூட அவர்களுக்குச் சுயாதீன எறிகளை (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) கொடுக்கும். அணி கேட்டுப்பெறும் இடைநிறுத்தம் (டைம் அவுட்) முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு என்றாலும், எப்போது கேட்பது என்பதை முதற்போட்டிக்கு முன்பே ஐயாவுடன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.